தோட்ட ஆபிஸிலிருந்து கம்பனி மெயிலைப் பாதுகாப்பாகத் திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமை ஆபிஸ் கொழும்பில். மெயில் சேர்வர் அங்கேயோ, வாடகைக்கு எடுத்த டேட்டா சென்டரிலோ இருக்கிறது. தோட்ட ஆபிஸ்களும் தேயிலை பேக்டரிகளும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளைப் பக்கம். மலையகத்தில் பல கம்பனிகளின் நிலைமை இதுதான், இந்தப் பதில்களும் அதற்கே எழுதப்பட்டவை. சேர்வரில் மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியில் உள்ள மெயிலைப் படிக்கக் கொடுக்கும் டவ்கொட்டும் ஓடுவதாக வைத்துக்கொள்கிறோம். முதல் சில கேள்விகள் சேர்வரைப் பராமரிப்பவருக்கு. மற்றவை மெயிலை அன்றாடம் திறக்கும் கிளார்க்குக்கும் துரைக்கும்.

வெளியிலிருந்து மெயில் பார்க்க எந்தெந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும்?

போர்ட் என்பது சேர்வரின் எண்ணிட்ட வாசல். மெயில் படிக்க 993. மெயில் அனுப்ப 465, கூடவே 587. பிரவுசர் வழியாகப் பார்க்கும் வெப்மெயிலுக்கு 443. வேறு கம்பனிகளின் சேர்வர்கள் உங்களுக்கு மெயில் கொண்டுவந்து தருவதற்கு 25. மெயிலுக்கு அவ்வளவுதான். சான்றிதழைப் புதுப்பிக்க 80உம், விபிஎன் வைத்தால் அதன் போர்ட்டும் வேண்டியிருக்கும், அவை கீழே.

மெயில் படிக்கும் பழைய போர்ட்டுகளான 143, 110 இரண்டையும் ஃபயர்வோலில் மூடிவிடுங்கள். இந்த இரண்டு போர்ட்டிலும் பேச்சு குறியாக்கம் (வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது) இல்லாமலே தொடங்குகிறது. நடுவில் குறியாக்கத்துக்கு மாறச் சொல்லும் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளை உண்டு. ஆனால் வழியில் ஒருவன் அந்தக் கட்டளையை மட்டும் உருவிவிட்டால், கவனமில்லாமல் அமைத்த மெயில் மென்பொருள் பாஸ்வேர்டைத் திறந்த கடிதம் போல அனுப்பிவிடும். 993, 465 இரண்டிலும் முதல் எழுத்தே குறியாக்கத்துக்குள்தான் போகும், அதனால் உருவுவதற்கு எதுவும் இல்லை. 2018இல் வந்த இணையத் தர ஆவணம் 8314 சொல்வதும் இதுதான். 587 ஸ்டார்ட்டிஎல்எஸ் வழியில் போவது. 465 தெரியாத பழைய மென்பொருள்களுக்காக மட்டும் அதை வைத்திருங்கள்.

போர்ட் 25இல் பயனர் உள்நுழைய இடம் கொடுக்க வேண்டாம். அது சேர்வரும் சேர்வரும் பேசும் வாசல். அங்கே உள்நுழைவைத் திறந்து வைத்தால், உலகம் முழுவதிலுமிருந்து பாஸ்வேர்டை ஊகிக்கும் ரோபோக்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும்.

பயனர்கள் சரியாக அமைத்துக்கொண்டால் போதாதா? சேர்வரில் ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?

போதாது. நாற்பது பேர் இருக்கும் இடத்தில் முப்பத்தொன்பது பேர் சரியாக அமைத்து ஒருவர் மட்டும் 'குறியாக்கம் வேண்டாம்' என்று போட்டாலும், கம்பனியின் கதவு அந்த ஒருவரிடம் திறந்தே கிடக்கும். பூட்டு சேர்வரில்தான் இருக்க வேண்டும். அங்கே பூட்டியிருந்தால், தப்பாக அமைத்தவருக்கு மெயில் திறக்காது. அவர் உங்களுக்குப் போன் எடுப்பார், பிழை அன்றைக்கே வெளியே வந்துவிடும். பூட்டாவிட்டால் எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும்.

எஸ்எஸ்எல், டிஎல்எஸ் இரண்டும் இந்தக் குறியாக்க முறையின் பழைய, புதிய பெயர்கள். டவ்கொட்டில் எஸ்எஸ்எல் கட்டாயம் என்ற அமைப்பைப் போடுங்கள். வெறும் 'ஆம்' என்ற அமைப்பு போதாது. போஸ்ட்ஃபிக்ஸில் டிஎல்எஸ் இல்லாமல் உள்நுழைவை ஏற்காதே என்ற அமைப்பைப் போடுங்கள். இரண்டிலும் குறைந்தபட்சம் டிஎல்எஸ் 1.2. பழைய 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டவை. 'ஒரே ஒரு பழைய கம்பியூட்டர் இருக்கிறது' என்று அவற்றைத் திரும்பத் திறந்துவிட வேண்டாம்.

அந்தப் பழைய கம்பியூட்டர் பெரும்பாலும் விண்டோஸ் 7இல் ஓடும் பழைய அவுட்லுக்காக இருக்கும். அது விண்டோஸின் குறியாக்கத்தையே நம்பியிருப்பதால் புதிய சேர்வரோடு பேச முடியாமல் நிற்கிறது. தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருள் தன் குறியாக்க நூலகத்தைத் தானே கொண்டுவருவதால், அதே கம்பியூட்டரில் அது திறக்கும். விண்டோஸ் 7க்குக் கடைசியாக வந்தது தண்டர்பேர்ட் 115. புதுக் கம்பியூட்டர் வரும்வரை அதை வைத்துச் சமாளிக்கலாம், அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

சான்றிதழுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

தேவையில்லை. சான்றிதழ் என்பது பேசுவது உங்கள் சேர்வர்தான் என்று மெயில் மென்பொருளுக்குக் காட்டும் அடையாளம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் மெயிலுக்குப் போதும். ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும்படி செர்ட்பொட் போன்ற ஒரு மென்பொருளை வைத்துவிடலாம். ஆனால் 'தானாக' என்று நம்பி விட்ட இடத்தில்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கும், ஆனால் டவ்கொட்டும் போஸ்ட்ஃபிக்ஸும் நினைவில் வைத்திருக்கும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் புதிய ஃபைல் இருப்பதைப் பார்த்துவிட்டு 'சான்றிதழ் சரிதானே' என்று நிர்வாகி தலையைப் பிய்த்துக்கொள்வார். புதுப்பித்த கையோடு இரண்டையும் ரீலோட் செய்யும் கட்டளையையும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, சேர்வரின் சான்றிதழை மட்டும் கொடுத்து, அதை வழங்கியவரின் இடைநிலைச் சான்றிதழை விட்டுவிடுவது. ஆபிஸ் கம்பியூட்டரில் திறக்கும், அன்ட்ரொய்ட் போனில் திறக்காது. இந்த அறிகுறியைப் பார்த்ததும் முழுச் சங்கிலி அடங்கிய ஃபைலைக் கொடுத்திருக்கிறோமா என்று பாருங்கள்.

மூன்றாவது, யாரோ ஃபயர்வோலை இறுக்கும்போது போர்ட் 80ஐ மூடியிருப்பார். பலரும் பயன்படுத்தும் சரிபார்ப்பு முறைக்கு அந்தப் போர்ட் வேண்டும். காலாவதியாகப் போகிறது என்று முன்பு வந்த நினைவூட்டல் மெயிலையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே 993இல் வெளியிலிருந்து தெரியும் சான்றிதழின் கடைசித் தேதியை வாரம் ஒருமுறை தானாகப் பார்த்து, 20 நாளுக்குக் கீழே வந்தால் கத்தும்படி ஒரு சிறிய ஏற்பாடு செய்துவையுங்கள்.

'சான்றிதழை நம்ப முடியவில்லை' என்று ஒரு பெட்டி வருகிறது. எதை அழுத்துவது?

எதையும் அழுத்தாதீர்கள். முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள்.

தோட்ட ஆபிஸில் இதற்கு அடிக்கடி காரணமாவது ஒரு சின்ன பேட்டரிதான். கம்பியூட்டரின் மதர்போர்டில் சிஆர் 2032 என்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி இருக்கும், பார்க்க நாணயக் குற்றி போல. அது தீர்ந்துபோன கம்பியூட்டர், கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பெட்டி வருகிறது. தேதியைத் திருத்தினால் திறக்கும். பேட்டரியை மாற்றாவிட்டால் அடுத்த மின்வெட்டில் திரும்ப வரும்.

தேதி சரியாக இருந்தால், பெட்டியில் சான்றிதழைத் திறந்து காட்டும் பட்டனை அழுத்தி, யார் வழங்கியது என்று வாசியுங்கள். அங்கே அந்தக் கம்பியூட்டரின் அன்டிவைரஸின் பெயர் இருந்தால், அது மெயிலை நடுவில் பிரித்துப் பார்க்கிறது. அதில் மெயில் ஸ்கேன் வசதியை நிறுத்தலாம். விடுதியின் வைஃபையில் இருக்கும்போது தெரியாத ஒரு பெயர் வந்தால், உடனே வைஃபையைத் துண்டித்துப் போன் டேட்டாவுக்கு மாறுங்கள்.

'நிரந்தரமாக ஏற்றுக்கொள்' என்பதைப் பழக்கத்தில் அழுத்துபவருக்கு உண்மையான திருடன் வரும்போதும் அதே பெட்டிதான் வரும், கையும் அதே பட்டனுக்குத்தான் போகும்.

தண்டர்பேர்டில் எப்படி அமைப்பது?

பெயர், முகவரி, பாஸ்வேர்டு கொடுத்த பிறகு தானாகக் கண்டுபிடிக்க விடாமல் கையால் அமைக்கும் வழிக்குப் போங்கள். உள்வரும் மெயிலுக்கு ஐமேப் (மெயிலைச் சேர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை), சேர்வர் பெயராக நிர்வாகி தந்த முழுப் பெயர், போர்ட் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். வெளிச்செல்லும் மெயிலுக்கு அதே சேர்வர் பெயர், போர்ட் 465, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். உள்நுழையும் முறை இரண்டிலும் 'சாதாரண பாஸ்வேர்டு'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாஸ்வேர்டு குறியாக்கத்துக்குள்தான் போகிறது. பயனர் பெயர் என்ற இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி, @ குறிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் அல்ல. 'மெயில் வருகிறது, போகவில்லை' என்ற புகார்களில் நிறைய, வெளிச்செல்லும் பகுதியில் உள்நுழைவு 'இல்லை' என்று விடப்பட்டதால் வருபவை.

சேர்வர் பெயருக்குப் பதிலாக ஐபி எண்ணைப் போட வேண்டாம். சான்றிதழ் பெயருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது, எண்ணைப் போட்டால் முன்பு சொன்ன அதே எச்சரிக்கைப் பெட்டி வரும்.

பொப்பா, ஐமேப்பா?

ஐமேப். மற்ற முறையான பொப் வழக்கமாக மெயிலை இறக்கிவிட்டு சேர்வரிலிருந்து அழித்துவிடும். ஆபிஸ் கம்பியூட்டரின் ஹார்ட்டிஸ்க் ஒரு இடியில் போனால் பத்து வருட மெயிலும் அதோடு போகும். ஐமேப் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்றும் நினைக்க வேண்டாம். ஒருவர் தவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், ஆகவே சேர்வரை வேறோர் இடத்துக்குத் தினமும் நகலெடுக்க வேண்டும்.

லைன் மெதுவாக இருக்கிறது. பெரிய ஃபைல் போகவே மாட்டேன் என்கிறது, சில நேரம் ஒரே மெயில் மூன்று தடவை போகிறது. ஏன்?

இது ஒரு கணக்கு. மெயிலில் இணைக்கும் ஃபைல் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்யும். அதில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் கூடும். 7 எம்பி ஸ்கேன் ஏறக்குறைய 9.6 எம்பி ஆகும். மேலே ஏற்றும் வேகம் நொடிக்கு 512 கிலோபிட் உள்ள லைனில் அதற்கு இரண்டரை நிமிடம் பிடிக்கும். அவுட்லுக் ஒரு நிமிடத்துக்கு மேல் பதில் வராவிட்டால் கைவிட்டுவிடும் நிலையில்தான் வருகிறது. மெயில் அவுட்பொக்ஸிலேயே கிடக்கும், மறுபடி அனுப்பப் பார்க்கும். சேர்வர் முழுதாக வாங்கிக்கொண்டு 'கிடைத்தது' என்று சொல்லும் நொடியில் லைன் அறுந்தால், பெற்றவருக்கு இரண்டு மூன்று பிரதிகள் போய்ச் சேரும்.

அவுட்லுக்கின் மேம்பட்ட அமைப்பில் சேர்வர் காத்திருப்பு நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு மேலே தள்ளுங்கள். ஸ்கேனரைக் கலர் 300 டிபிஐயிலிருந்து சாம்பல் நிறம் 150 டிபிஐக்கு இறக்குங்கள். செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவு) பக்கமும் இன்வாய்ஸும் அதில் நன்றாகவே வாசிக்க முடியும், ஃபைல் பல மடங்கு சிறுக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான உச்ச அளவு ஒரு மெயிலுக்கு 10 எம்பிதான் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய ஃபைல் அடிக்கடி போக வேண்டிய கம்பனி அதைச் சேர்வரில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இறக்கும் பக்கத்தில், தண்டர்பேர்டில் கடைசி 30 நாள் மெயிலை மட்டும் கம்பியூட்டரில் வைத்திருக்கச் சொல்லலாம். போனில் 7 நாள் போதும்.

விபிஎன் அவசியமா?

விபிஎன் என்பது இன்டர்நெட்டுக்குள் கம்பனிக்கு மட்டுமாகப் போடும் பூட்டிய சுரங்கப் பாதை. சாதாரணமாக மெயில் மட்டும் பார்ப்பதற்கு அவசியமில்லை; மேலே சொன்ன பூட்டுகள் சரியாக இருந்தால் 993உம் 465உம் தம்மளவில் பாதுகாப்பானவை. ஆனால் ஐமேப்பில் பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாவது குறியீடு கேட்கும் வழக்கமான ஏற்பாடு இல்லை. பாஸ்வேர்டு திருடுபோனால் அதோடு கதை முடிந்தது. சம்பளம், சேமலாப நிதி விவரங்கள், தொழிலாளரின் அடையாள அட்டை எண்கள் போகிற மெயில் பெட்டிகளையாவது விபிஎன்னுக்குள் வைப்பது நல்லது. அந்த விவரங்களைக் காப்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடும் விடயமும் கூட.

விபிஎன் மென்பொருள்களில் வயர்கார்ட் எளிது. சேர்வர் பக்கம் யூடிபி 51820 திறக்க வேண்டும். தோட்டக் கம்பியூட்டரில் மெயில் சேர்வரின் முகவரிக்குப் போகும் பக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) மட்டும் அதற்குள் அனுப்புங்கள். எல்லாவற்றையும் அனுப்பினால் யாரோ பார்க்கும் வீடியோவும் கொழும்பைச் சுற்றிக்கொண்டு வரும். ஃபோர்ஜி ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் 25 வினாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது இணைப்பு செத்துவிடும்.

விபிஎன் போட்ட பிறகு உள்நுழைய முடிகிறது, மெயில் பட்டியலும் தெரிகிறது, ஆனால் அட்டாச்மென்ட் பாதியில் உறைகிறது என்றால், பக்கெட்டின் அளவு லைனுக்குப் பெரிது. பக்கெட்டின் உச்ச அளவான எம்டியூவை 1420இலிருந்து 1280க்கு இறக்குங்கள். மலைப்பக்க மொபைல் இணைப்புகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

திடீரென்று ஆபிஸ் முழுவதும் ஒருவருக்கும் மெயில் திறக்கவில்லை. இன்டர்நெட் நன்றாக இருக்கிறது.

யாரோ ஒருவரின் பழைய போன்தான் காரணமாக இருக்கும். பாஸ்வேர்டை மாற்றியவர் கம்பியூட்டரில் புதியதைப் போட்டிருப்பார், மேசை டிராயரில் கிடக்கும் பழைய போனை மறந்திருப்பார். அது பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்பத் தட்டும். சேர்வரில் இருக்கும் ஃபெயில்டுபேன் என்ற காவல் மென்பொருள் 10 நிமிடத்துக்குள் 5 தப்பு வந்தால் அந்த ஐபியைத் தடுக்கும். அதன் இயல்பான கணக்கு அதுதான். ஆபிஸின் எல்லாக் கம்பியூட்டரும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் ஒரே ஐபியில் இருப்பதால் எல்லோரும் சேர்ந்து வெளியே நிற்கிறார்கள்.

மொபைல் இணைப்பில் இன்னும் மோசம். தொலைபேசிக் கம்பனி பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுப்பதால், தலவாக்கலையில் ஒருவர் செய்த தப்புக்கு மஸ்கெலியாவில் இருப்பவரும் தடுக்கப்படலாம்.

சேர்வரின் மெயில் லொக்கில் தோல்வியடைந்த உள்நுழைவுகளைப் பாருங்கள். எந்தப் பயனர், எந்த ஐபி என்று இரண்டும் அங்கே எழுதியிருக்கும். அந்தப் போனைத் திருத்திய பிறகு தடையை நீக்குங்கள். முதலில் தடையை நீக்கினால் பத்து நிமிடத்தில் திரும்ப விழும். தோட்டத்துக்கு நிலையான ஐபி இருந்தால் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் விபிஎன்னின் உள்முகவரிகளைச் சேர்த்துவிடுங்கள். ஃபெயில்டுபேனையே நிறுத்திவிடுவது தீர்வல்ல.

வெப்மெயிலுக்கு இரண்டாவது குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரட்டுமா?

வேண்டாம். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் சிக்னல் இல்லாத பள்ளத்தில் நிற்கும்போது எஸ்எம்எஸ் வராது. 30 வினாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கக் குறியீடு காட்டும் செயலிக்குச் சிக்னலே தேவையில்லை, போனின் நேரம் சரியாக இருந்தால் போதும். வெப்மெயில் மென்பொருள் ரவுண்ட்கியூப் என்றால் பதிப்பு எண்ணை இன்றைக்கே பாருங்கள். பத்து வருடமாக உள்ளே இருந்த ஒரு பெரிய ஓட்டை 2025 ஜூனில் வெளியே வந்தது. 1.6.11க்கும், பழைய வரிசையில் 1.5.10க்கும் முந்திய எதையும் ஓடவிடக் கூடாது.

போன் தொலைந்துவிட்டது.

சிம்மை நிறுத்துவதற்கு முன்பே மெயில் பாஸ்வேர்டை மாற்றி, சேர்வரில் அந்தப் பயனரின் திறந்திருக்கும் இணைப்புகளை வெட்டுங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு சிறிது நேரம் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பாஸ்வேர்டு கொடுக்கும் வசதி இருந்தால், அந்தப் போனுடையதை மட்டும் ரத்துச் செய்தால் போதும்.

வீட்டிலிருந்து ஜிமெயிலுக்கு எல்லாவற்றையும் ஃபோர்வர்ட் செய்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கம்பனியின் கடிதம் கம்பனியின் கைக்கு வெளியே போய்விடுகிறது என்பது ஒன்று. மற்றது, அங்கிருந்தே பதிலும் எழுதத் தோன்றும். உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி உள்ள சேர்வர்களின் பட்டியலில்) இல்லாத சேர்வரிலிருந்து உங்கள் பெயரில் மெயில் போனால் அது ஸ்பேமில் விழும், அல்லது திரும்பி வரும். கூகுளும் யாஹூவும் 2024 பெப்ரவரியிலிருந்து இதில் கடுமையாகிவிட்டன. எங்கிருந்து எழுதினாலும் கம்பனி சேர்வரின் 465 வழியாகவே அனுப்புங்கள்.

ஸ்கேனர் பழையது, குறியாக்கம் தெரியாது. என்ன செய்வது?

அதற்காகச் சேர்வரின் பூட்டைத் தளர்த்த வேண்டாம். ஆபிஸுக்குள் ஒரு கம்பியூட்டரின் ஃபோல்டருக்கு ஸ்கேன் செய்து, அங்கிருந்து அனுப்புங்கள்.

'எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது' என்று உர சப்ளையரிடமிருந்து மெயில் வந்தது. முகவரி சரியாகத்தான் இருக்கிறது.

காசு அனுப்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பூட்டும் இந்த ஒரு மெயிலுக்காகத்தான். முகவரி சரியாக இருப்பதால் அனுப்பியவரும் அவரே என்று ஆகாது. அவருடைய பெட்டிக்குள் வேறொருவன் உட்கார்ந்திருக்கலாம். முன்பே கைவசம் உள்ள எண்ணுக்குப் போன் எடுத்து, பழகிய குரலிடம் கேளுங்கள். அந்த மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு எடுக்க வேண்டாம்.

முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஒரு எழுத்துக் கூடியோ, ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டியோ இருக்கலாம்.

அதோடு உங்கள் சொந்தப் பெட்டியின் ஃபில்டர் விதிகளையும் பாருங்கள். உள்ளே நுழைந்தவன் முதலில் செய்யும் வேலை, 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொற்கள் வரும் மெயிலை வெளியே அனுப்பிவிட்டு உங்கள் இன்பொக்ஸிலிருந்து மறைக்க ஒரு விதி போடுவது. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும்.

தமிழில் எழுதிய மெயில் அந்தப் பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். அது எழுத்துருவின் வேடம் மட்டும், அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் வேடம் கலைந்துவிடும். யூனிகோடில் எழுதினால் எங்கும் தமிழாகவே போகும்.

சேர்வரையே ஹட்டன் ஆபிஸில் வைத்துவிட்டால் என்ன?

மொபைல் இணைப்பில் வழக்கமாக உங்களுக்கென்று ஒரு பொது ஐபி கிடைப்பதில்லை, வெளியிலிருந்து யாராலும் உங்கள் சேர்வரைத் தட்ட முடியாது. நிலையான ஐபி வாங்கினாலும், அந்த எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் பின்னோக்கிய பதிவை இணைய வழங்குநர்தான் போட்டுத் தர வேண்டும், அது இல்லாவிட்டால் பல சேர்வர்கள் உங்கள் மெயிலை ஏற்காது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி வேறு. செம்புக் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி ரவுட்டரை மட்டுமல்ல, அதில் செருகியிருக்கும் கம்பியூட்டரின் நெட்வேர்க் போர்ட்டையும் எரிக்கும். வானம் கறுக்கும்போது கரண்ட் பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழற்றிவிடுங்கள்.

தோட்டத்தில் லைன் இரண்டு நாள் போனாலும் கொழும்புச் சேர்வர் மெயிலை வாங்கி வைத்திருக்கும். கொழும்புச் சேர்வரே நின்றாலும், அனுப்பும் சேர்வர்கள் வழக்கமாகச் சில நாள்வரை திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் கணக்கு 5 நாள்.

கிளார்க் வேலையை விட்டுப் போகிறார். அவருடைய பெட்டியை என்ன செய்வது?

கடைசி நாள் பின்னேரம் பாஸ்வேர்டை மாற்றுங்கள், கருவிப் பாஸ்வேர்டுகளையும் விபிஎன் சாவியையும் ரத்துச் செய்யுங்கள், ஃபில்டர் விதிகளைப் பாருங்கள். பெட்டியை அழிக்க வேண்டாம். புரோக்கரும் சப்ளையரும் இன்னும் மாதக்கணக்கில் அந்த முகவரிக்கே எழுதுவார்கள், அடுத்தவருக்கு அதை வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். பேக்டரிக்கும் ஆபிஸுக்கும் ஆள் பெயர் இல்லாத பொது முகவரி ஒன்று முன்பே இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். ஆனால் அந்தப் பொது முகவரியின் பாஸ்வேர்டை நான்கு பேர் பகிர்ந்து, மொனிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டி வைக்க வேண்டாம். டவ்கொட்டில் ஒரே பெட்டியைப் பலரும் தத்தம் பாஸ்வேர்டில் திறக்கும் பகிர்வு வசதி இருக்கிறது, நிர்வாகியிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.